மீட்டப்பில் கேட்ட ஃபிரேம்வேர்க்கை வேலைக்கு எடுக்கலாமா? கொழும்பிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கிளையன்ட் கோல் எடுத்தார். நிலாவெளியில் ஆறு அறைகள் கொண்ட சிறிய விடுதி அவருடையது.

"தம்பி, சனிக்கிழமையே ரேட்டை மாத்திட்டன். அட்மினில புது ரேட்தான் கிடக்கு. சைட்டில இன்னும் பழசு நிக்குது. ரெண்டு பேர் பழைய ரேட்டுக்கு புக் பண்ணிட்டினம்."

என் லப்டொப்பில் திறந்தால் புது விலை. ஃபோனில் உண்மையான தளத்தைத் திறந்தால் பழைய விலை. காரணம் பிடிபட மத்தியானம் ஆகிவிட்டது. அந்தத் தளத்தை ஒரு ஃபிரேம்வேர்க்கில், அதாவது தளம் கட்ட உதவும் தயார்நிலைக் கோட் சட்டகத்தில், எழுதியிருந்தோம். நாங்கள் எழுதிப் பார்க்கும் டெவலப்மென்ட் முறையில் அது ஒவ்வொரு தடவையும் தரவைப் புதிதாகக் கேட்கிறது. பயனர்கள் பார்க்கும் புரடக்சனில், பில்ட் செய்த (கோடை வெளியிடத் தயாராகத் தொகுத்த) நேரத்தில் வாங்கிய விலையைக் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், போட்டுவிட்டு அதையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிரேம்வேர்க்கின் விளக்கக் குறிப்புகளான டொக்ஸில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. நாங்கள்தான் வாசிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை டெவலப்பர்கள் கூடும் மீட்டப்பில் பதினைந்து நிமிட டெமோ பார்த்தோம், இன்னும் பீட்டா, சோதனைப் பதிப்புத்தான் என்று ஸ்பீக்கர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, திங்கள் காலை புரொஜெக்டை அதில் தொடங்கிவிட்டோம். அந்த இரண்டு அறைகளின் விலை வித்தியாசத்தை எங்கள் கம்பனி கட்டியது. கிளையன்ட் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். மேடையில் எதைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோய், எப்போதும் ஒரே சோதனையில் போட்டுப் பார்ப்பது. ஒரு மீட்டப், ஒரு வார இறுதி, கொஞ்சம் டேட்டா. இவ்வளவுதான் செலவு. வேலைக்குச் சேர்ந்து ஓரிரண்டு வருடமான தம்பி, தங்கச்சிமாரை மனதில் வைத்து எழுதுகிறேன். கம்பஸில் கடைசி வருடம் படிக்கிறவர்களுக்கும் உதவும்.

படி 1: பிறந்த தேதியையும் பழையதைக் கைவிட்ட தேதியையும் பாருங்கள்

மீட்டப் அறிவிப்பில் ஒரு ஃபிரேம்வேர்க்கின் பெயரைக் கண்டதும், போகுமுன் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்குங்கள். கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டியது மூன்று: முதல் நிலையான பதிப்பு எப்போது வந்தது, கடைசியாக எந்தப் பதிப்புக்கு ஆதரவை நிறுத்தினார்கள், அப்போது பழைய கோட் வைத்திருந்தவர்களை எப்படி நடத்தினார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். தளங்களின் முன்பக்கம் எழுதப் பாவிக்கும் சில பிரபல கருவிகளின் கதையைப் பாருங்கள். ரியாக்ட் 2013இல் வெளிவந்தது. 2019 பெப்ரவரியில் 16.8 பதிப்போடு ஹூக்ஸ் வந்து எழுதும் முறையே மாறியது, ஆனாலும் பழைய முறையில் எழுதிய கிளாஸ் கொம்போனன்ட் இன்றைக்கும் ஓடுகிறது. ஆங்குலர் கதை வேறு. 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸும் 2016 செப்டெம்பரில் வந்த ஆங்குலர் 2உம் பெயரில் மட்டுமே உறவு. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. வியூ 3, 2020 செப்டெம்பரில் வந்தது. வியூ 2ஐ 2023 டிசம்பர் 31 வரை தாங்கிப் பிடித்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அவகாசம், ஆனால் அதைப் பயன்படுத்தாமல் கடைசி மாதத்தில் ஓடியவர்களில் நானும் ஒருவன். ஸ்வெல்ட் 5, 2024 ஒக்டோபரில் ரூன்ஸ் என்ற புது எழுத்துமுறையைக் கொண்டுவந்தது, பழைய முறையையும் ஓடவிட்டது. ரியாக்ட் படித்த எல்லோரும் முதல் நாள் தொட்ட, புது புரொஜெக்ட் தொடங்கித் தரும் கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பெப்ரவரியில் ஓய்வுபெற்றுவிட்டது. பழைய டியூட்டோரியலைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் கவனிக்கவும்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இயல்புநிலைகள், அதாவது நாங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஃபிரேம்வேர்க் தானாக எடுக்கும் அமைப்புகள், மாறுவது. ரியாக்ட்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட்ஜேஎஸ் ஃபிரேம்வேர்க்கின் 15ஆம் பதிப்பு வந்தபோது, முன்பு கேட்காமலே கேஷ் செய்யப்பட்டுவந்த தரவுக் கோரிக்கைகள் இனி அப்படிச் செய்யப்படா என்று மாற்றினார்கள். கோடில் ஒரு வரி மாறாமலே தளத்தின் நடத்தை மாறும் இடம் இது. வெளியீட்டுக் குறிப்பில் இப்படிப்பட்ட வரிகளைத் தேடி வாசியுங்கள், புது வசதிகளின் பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.

படி 2: மீட்டப்பில் டீ இடைவேளையைத் தவறவிடாதீர்கள்

கொழும்பில் இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் சனி காலையிலோ வேலைநாள் மாலையிலோ நடக்கும். மருதானை ட்ரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி, தெமட்டகொட ஓரியன் சிட்டி, கோட்டையில் ஹட்ச் என்ற ஸ்டார்ட்டப் மையம், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கம்பனியின் கன்டீன் தளம், கம்பஸ் மண்டபம். கூகுள் டெவலப்பர் குழுக்கள் ஆண்டு இறுதியை ஒட்டி டெவ்ஃபெஸ்ட் நடத்துவார்கள். வேர்ட்பிரஸ்காரர்களின் வேர்ட்கேம்ப்பும் இங்கே நடந்திருக்கிறது. யாழ்ப்பாணம் போகக்கூடியவர்கள் யாழ் ஐரி ஹப்பின் நிகழ்வுகளையும் கவனியுங்கள். அங்கே தமிழிலேயே தொழில்நுட்பம் கதைக்கலாம், அந்தச் சுகமே வேறு.

வெள்ளவத்தையில் இருப்பவர்கள் மருதானைக்கு ரயிலில் போங்கள். இறங்கி நடந்தால் ட்ரேஸ். பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் சிக்கினால் முதல் பேச்சு போய்விடும். அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், கம்பனிக் கட்டிடங்களில் கேற்றில் கேட்பார்கள்.

பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும், பகிடிகள் சிங்களத்தில் இருக்கும். தமிழ்ப் பிள்ளைகள் கடைசி வரிசையில் இருப்போம். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான், ஒரு கேள்வி கேட்காமல் ஷோட் ஈட்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இங்கிலிஷ் தடக்கும் என்ற பயம். பிறகு கவனித்தால், மேடையில் நிற்கிறவருக்கும் தடக்குகிறது, ஒருவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கேள்வியை மைக்கில் கேட்பதைவிட, ரோல்ஸும் பிளேன்டீயும் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரைப் பிடிப்பது நல்லது. மேடையில் சொல்லாததை அங்கே சொல்வார்கள். நான் கேட்பவை இவை:

"இதை உண்மையான பயனர்களுக்கு எத்தனை மாதமாக ஓட்டுகிறீர்கள்?" பதில் 'இது என் சைட் புரொஜெக்ட்' என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

"போட்டுப் பார்த்து, பிறகு கழற்றி எறிந்தது என்ன?" இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பத்து நிமிடம் கதைப்பவரை நம்பலாம். ஒன்றுமே இல்லை என்பவர் இன்னும் ஆழமாக இறங்கவில்லை.

"நீங்கள் நாளைக்குப் போய்விட்டால் இதைப் பார்க்க ஆள் இருக்கிறதா?" 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்விக்குக் கொழும்பில் தனிக் கனம் உண்டு. அந்த வருடமும் அடுத்த வருடமும் என் பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. மெல்பேர்ன், டொரொன்டோ, துபாய். அவர்கள் மட்டுமே அறிந்திருந்த ஒரு ஃபிரேம்வேர்க்கில் எழுதிய கோட் மட்டும் இங்கேயே நின்றது.

படி 3: எப்போதும் ஒரே செயலி, எட்டு ரயில் நிலையங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, ஆறுதலாக வாசியுங்கள்.

புது ஃபிரேம்வேர்க்கோடு வரும் மாதிரிச் செயலி எண்ணியை ஒவ்வொன்றாகக் கூட்டும், அல்லது செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போடும். அதில் எல்லா ஃபிரேம்வேர்க்கும் அழகாகத்தான் இருக்கும். எங்களுக்குத் தேவை எங்கள் ஊர்ச் சிக்கல்கள் உள்ள சின்னச் செயலி. என்னுடையது கடற்கரைப் பாதையில் உள்ள எட்டு நிலையங்களின் தேடல்: கோட்டை, செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. ஒவ்வொன்றுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர். மொழி மாற்ற ஒரு பட்டன், தட்டத் தட்ட வடிகட்டும் தேடல் பெட்டி, பெயரும் ஃபோன் நம்பரும் கேட்கும் ஒரு படிவம், தரவை மாற்ற ஒரு சின்ன அட்மின் பக்கம். எந்த ஃபிரேம்வேர்க்கிலும் ஒரு சனிக்கிழமையில் முடிக்கலாம். முடியாவிட்டால் அதுவே முதல் தகவல்.

முதலில் எழுத்து எண்ணிக்கை. 'வெள்ளவத்தை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? வெ, ள், ள, வ, த், தை. ஆறு. ஜாவாஸ்கிரிப்டில் நீளத்தைச் சொல்லும் லெங்த்திடம் கேளுங்கள், பத்து என்று சொல்லும். கொம்புக்கும் புள்ளிக்கும் ஐகாரக் குறிக்கும் யுனிகோடில் தனித்தனிக் குறியீடு உண்டு, லெங்த் அவற்றை எண்ணுகிறது. இது வெறும் ஆர்வக் கணக்கில்லை. படிவத்தில் பெயருக்கு இருபது என்று எல்லை போட்டால், ஆங்கிலப் பெயருக்குத் தாராளமாக இருக்கும் இடம் ஒரு நீளமான தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டும். கோபி என்ற பயனரின் வட்டப் படத்தில் முதலெழுத்தைப் போடச் சொன்னால் 'கோ'வுக்குப் பதில் 'க' வரும். யுஐ லைப்ரரிகளோடு வரும் தயார்நிலைக் கொம்போனன்ட்களை இந்த ஒரு பெயரைக் கொடுத்தே சோதிக்கலாம். சரியாக எண்ண, பிரவுசரிலேயே இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. ஃபயர்பொக்ஸ் 2024இல்தான் அதைச் சேர்த்தது, இப்போது எல்லாப் பெரிய பிரவுசரிலும் உண்டு. அதனிடம் கேட்டால் ஆறு என்றே சொல்லும்.

அடுத்தது தேடல். 'கொள்ளுப்பிட்டி'யில் உள்ள கொ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒன்றாகவே வரலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு. யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகளை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு எடுத்த தரவில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். டேட்டாபேஸில் நிலையம் இருக்கும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் நோர்மலைஸ் செய்து, அதாவது ஒரே சேமிப்பு முறைக்கு மாற்றி, என்எஃப்சி என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஔகாரத்துக்குப் பதில் எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டி 'கெளரவ' என்று எழுதுவார்களே, அதற்கு மட்டும் எந்த நோர்மலைசேஷனும் உதவாது. அது எழுத்துப்பிழை.

மூன்றாவது, தட்டும்போதே வடிகட்டுவது. இதை ஃபோனில், தமிழ் விசைப்பலகையோடு சோதியுங்கள், லப்டொப்பில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். நான் வியூவில் முதன்முதலில் செய்தபோது கணினியில் வடிவாக ஓடியது. ஃபோனில் 'வெள்' வரை தட்டியும் பட்டியல் அசையவில்லை. இடைவெளி தட்டினேன், அசைந்தது. அரை நாள் போனது. விசைப்பலகை ஒரு சொல்லை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும்போது பெட்டியில் தட்டுவதைக் கோடோடு இணைக்கும் வியூவின் வீ-மொடல் மதிப்பை மாற்றாது, அப்படித்தான் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். உடனுக்குடன் வேண்டுமென்றால் இன்புட் நிகழ்வை நீங்களே கேட்க வேண்டும். டொக்ஸில் அந்தக் குறிப்பு சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளை உதாரணம் காட்டி எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் 'இது எங்களுக்கில்லை' என்று கடந்து போயிருந்தேன். ரியாக்ட் இதற்கு நேரெதிர், சொல் முடியுமுன்னே ஒவ்வொரு மாற்றத்தையும் தரும். தேடலுக்கு அது நல்லது. ஒவ்வொரு தட்டலுக்கும் சேர்வரைக் கேட்கும் இடத்தில் நல்லதில்லை.

கடைசியாகக் கண்ணால் பார்க்க வேண்டியவை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடங்கும் பட்டன் தமிழில் இரண்டு வரிக்குப் போகிறதா? தமிழின் சுழிகளும் சிங்களத்தின் மேல் குறிகளும் வரி உயரத்தில் வெட்டுப்படுகின்றனவா? மொழி மாறும்போது முழுப் பக்கமும் திரும்ப லோட் ஆகிறதா, முகவரியில் மொழி தெரிகிறதா?

பிறகு தொடக்கத்தில் சொன்ன நிலாவெளிச் சோதனை. புரடக்சன் பில்ட் எடுத்து ஓடவிட்டு, அட்மினில் ஒரு நிலையத்தின் பெயரை மாற்றுங்கள். முன்பக்கத்தில் எப்போது மாறுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டெவலப்மென்ட் முறையில் இதைச் செய்து பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை.

படி 4: மலிவான ஃபோனும் தூரத்துச் சேர்வரும்

வீட்டில் அம்மாவோ சித்தியோ பாவிக்கும் பழைய அன்ட்ரொய்ட் ஃபோனைக் கடன் வாங்குங்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறங்கள். பக்கம் தெரிந்த பிறகு பட்டன் வேலை செய்ய எத்தனை செக்கன்? ஜாவாஸ்கிரிப்ட் வந்து, பிரித்து, உயிர் கொடுக்கும் வரை அந்தப் பட்டன் வெறும் படம்தான். எட்டு நிலையங்களைக் காட்ட இவ்வளவு தேவையா என்று அப்போது தோன்றும். எச்டிஎம்எக்ஸ் போன்றவற்றின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் இந்த ஃபோன்தான். முழு லைப்ரரியும் சுருக்கிய நிலையில் சுமார் 16 கிலோபைட். சேர்வரிலிருந்து எச்டிஎம்எல் வாங்கி அந்த இடத்தில் போடும், அவ்வளவு. அட்மின் பக்கங்களுக்கு இது போதும் என்பது என் கட்சி. ஒஃபிசில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சேர்வர் இருக்கும் இடம் இன்னொரு விஷயம். பெரிய கிளவுட் நிறுவனங்களுக்கு எங்களுக்குப் பக்கத்தில் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் சேர்வர்கள் இருக்கின்றன. ஆனால் வெர்செல் போன்ற ஹோஸ்டிங் தளத்தில் அமைப்பை மாற்றாமல் ஏற்றினால், சேர்வர் பக்கக் கோட் அமெரிக்காவின் வாஷிங்டன் டிசி பக்கம் ஓடும். டேட்டாபேஸை நீங்கள் சிங்கப்பூரில் வைத்திருப்பீர்கள். இரண்டுக்கும் இடையே 15,000 கிலோமீற்றருக்கு மேல். ஒளியே ஃபைபரில் போய்வர 150 மில்லிசெக்கன் எடுக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேள்வி கேட்டால் முக்கால் செக்கன் கடலுக்கடியிலேயே போய்விடும். ஃபிரேம்வேர்க் மெதுவாக இருக்கிறது என்று அதைத் திட்டுவோம். இரண்டையும் ஒரே ஊரில் வையுங்கள், அது ஒரு வரி மாற்றம்.

பில்ட் செய்வதையும் உங்களிடமுள்ள மிகச் சிறிய சேர்வரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு கிக் ராம் உள்ள மெஷினில் பில்ட் பாதியில் செத்துப்போவது சாதாரணம்.

டேட்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு சோதனைக்கும் நோட் மொடியூல்ஸ் என்ற துணைத் தொகுப்புகள் நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்கினால் ரீலோட் போட்டே முடியாது. அவற்றை இறக்கித் தரும் பிஎன்பிஎம் என்ற கருவியைப் பாவித்தால் ஒருமுறை இறங்கியதை எல்லாப் புரொஜெக்ட்டும் பகிர்ந்துகொள்ளும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தபோது எனக்கு வந்த பழக்கம், டெவ்டொக்ஸ் என்ற தளத்தில் தேவையான டொக்ஸை ஓஃப்லைனில் இறக்கி வைப்பது. மின்சாரம் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, இணையம் இல்லாமல் வாசித்தால் கவனம் சிதறுவதில்லை.

படி 5: ஒஃபிசில் ஒரு பக்கம்

ஞாயிறு இரவு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். செயலி முடிய எத்தனை மணித்தியாலம், பழைய ஃபோனில் எத்தனை செக்கன், அட்மின் மாற்றம் தெரிய எவ்வளவு நேரம், எங்கே தடக்கியது. கருத்தைக் கடைசி இரண்டு வரியில் வையுங்கள். அணித் தலைவரான லீடிடம் "அண்ணா, இது சுப்பரா இருக்கு" என்று போய் நின்றால் நேரமில்லை என்பார். எண்களோடு போனால் உட்கார்ந்து பார்ப்பார்.

ஒரு புரொஜெக்டில் ஒரு புது விஷயம் மட்டும் என்பது எங்கள் அணியின் சட்டம். புது ஃபிரேம்வேர்க் என்றால் பழகிய டேட்டாபேஸ், பழகிய ஹோஸ்டிங். முதல் தடவை கம்பனிக்குள்ளேயே பாவிக்கும் ஏதாவது ஒன்றில், லீவு விண்ணப்பம் மாதிரியான ஒன்றில் போடுங்கள். உடைந்தால் எங்களைத்தான் திட்டுவார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய சஹானா என்ற பேரிடர் மென்பொருள் பிஎச்பியில் எழுதப்பட்டது. பிறகு உலகின் வேறு பேரிடர்களுக்கும் அது போனது. கையில் உள்ளதை வைத்துக்கொண்டு உடனே எழுத வேண்டிய வேளைகள் உண்டு. அப்படிப்பட்ட வாரத்தில் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிடுங்கள்.

படி 6: திரும்பிப் போய்ப் பத்து நிமிடம் பேசுங்கள்

சோதித்ததை நீங்களே ஒரு லைட்னிங் டோக்காகக் கொடுங்கள். ஏற்பாட்டாளர்கள் எப்போதும் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள், ஒரு மெசேஜ் போட்டால் போதும். ஸ்லைடு ஏழுக்கு மேல் வேண்டாம். லைவ் டெமோ செய்வதானால் வீடியோ ஒன்றும் பதிவுசெய்து கொண்டுபோங்கள், மண்டபத்து வைஃபையை நம்ப முடியாது. தடக்கிய இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாம் சரியாக ஓடிய கதையை ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

நான் முதல் தடவை வெள்ளவத்தைக்கு ஆறா பத்தா என்பதில் தொடங்கினேன். தமிழ் எழுத்து தெரியாதவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்து பிளேன்டீ எடுக்கப் போனபோது ஒரு சிங்களக் கம்பஸ் மாணவி வந்து, தேடல் பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை எல்லாம் அழித்துவிடுகிறீர்களா என்று கேட்டார். ஆம், காப்பி பேஸ்ட்டில் வரும் குப்பையை நீக்க ஒரு வரி போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் சிங்களத்தில் 'ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள் என்றார். தட்டினேன். எழுத்து இரண்டாகப் பிரிந்து நின்றது. சிங்களத்தில் அந்தக் கூட்டெழுத்தை ஒட்டிப் பிடித்திருப்பதே கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறிதான், அதைத்தான் நான் குப்பை என்று அழித்துக்கொண்டிருந்தேன். என் எட்டு நிலையங்களின் சிங்களப் பெயரில் ஒன்றில்கூட அந்தக் குறி இல்லை, அதனால் இரண்டு வருடமாக மாட்டவில்லை.

அந்த வரியை அன்றிரவே எடுத்துவிட்டேன். பட்டியலில் இப்போது ஒன்பது நிலையங்கள். ஒன்பதாவது ஸ்ராவஸ்திபுர. அது அனுராதபுரத்துக்குப் பக்கத்தில், வடக்குப் பாதையில் இருக்கிறது. கடற்கரைப் பாதைப் பட்டியலில் கல்கிசைக்கு அடுத்து அதைப் பார்க்கிறவர்கள் பிழை என்று சொல்கிறார்கள். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.